மிஸி, நல்ல ஹாட் டொக்டர் ஆர்?

வன்னியில் தாதியாக வேலை பார்த்த காலம் முழுக்க, சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் செத்தவீட்டிலும் என்னைக் கண்டவர்கள் கேட்ட கேள்வி இது. கேட்கிறவரின் மனம் ஏற்கெனவே யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறியிருக்கும். எங்கே சனல் பண்ணலாம், எத்தனை மணிக்கு வருவார், காசு எவ்வளவு முடியும் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். பெயரைச் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பேன்: "ஆருக்கு? எப்ப தொடங்கினது? இப்பவும் நோகுதோ?" இப்பவும் நோகுது என்றால் எந்தப் பெரிய நிபுணரின் பெயரும் அந்த நேரத்துக்கு உதவாது. கிட்ட எந்த ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே ஈசிஜி எடுக்க ஆள் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்துவது லேசில்லை. அதில் அவர்கள் பிழையும் இல்லை. பெரியாஸ்பத்திரி என்றால் யாழ்ப்பாணம் என்றுதான் பரம்பரையாகப் பழக்கம். "இஞ்ச காட்டினாலும் மேல தானே அனுப்புவினம், பிறகேன் மினக்கெடுவான்" என்று வானைப் பிடித்து நேரே ஏ-9 ஏறிவிடுவார்கள். வழியில் ஒன்றுக்கு இரண்டு ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து போவார்கள். அப்படிப் போனவர்களில் ஆனையிறவைத் தாண்டாதவர்களும் உண்டு. அந்த வாசலில் பத்து நிமிடம் இறங்கியிருந்தால் என்று நினைத்து நான் நித்திரையில்லாமல் கிடந்த இரவுகள் இருக்கின்றன.

தூரத்தைப் பாருங்கள். முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. அங்கிருந்து பரந்தனுக்கோ மாங்குளத்துக்கோ ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வந்தால்தான் ஏ-9 வீதி. பரந்தனிலிருந்து யாழ்ப்பாணம் இன்னும் 60 கிலோமீட்டர். மாங்குளத்திலிருந்து வவுனியா 50 கிலோமீட்டர். கொக்கிளாய்க் கரையில் வலை இழுக்கிற ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் மாஞ்சோலைக்கு வருவதே ஒரு பயணம். இரத்தக்குழாய் அடைபட்டு அரை மணித்தியாலத்துக்குள் இருதயத் தசை சாகத் தொடங்கிவிடும். ஆறு மணித்தியாலம் போனால் காப்பாற்ற மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை 12 மணித்தியாலம் வரைக்கும் போடலாம் என்று புத்தகத்தில் இருந்தாலும், அதன் முழுப் பலன் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில்தான்.

அந்த ஊசியைப் போட இருதய நிபுணர் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. வன்னிக்கு இதுவே பெரிய ஆறுதல். 1988இல் லான்செட் சஞ்சிகையில் ஐசிஸ்-2 என்ற ஆய்வு வந்தது. 17,187 நோயாளிகள். அஸ்பிரினும் ஸ்ரெப்டோகைனேஸ் என்ற அந்த ஊசியும் சேர்த்துக் கொடுத்தவர்களிடம் முதல் ஐந்து கிழமை மரணங்கள் 42 சதவீதம் குறைந்தன. அஸ்பிரின் தனியாகவே ஏறக்குறைய கால்வாசியைக் குறைத்தது. ஒரு குளிசை! எந்தக் கிராமத்து மருந்தகத்திலும் இருக்கிற குளிசை. புதிதாக வருகிற தாதிப் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். நிபுணர் இல்லாத ஊரில் நாங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை என்ற நம்பிக்கை அவர்களுக்கு வர வேண்டும்.

ஆனால் நம்பிக்கையை மட்டும் வைத்து ஊசி போட முடியாது, ஈசிஜி வேண்டும். அதை ஒழுங்காக எடுக்க வேண்டும். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதைச் சில்லறை வேலை என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

வயலிலிருந்து நேரே வருகிற ஆளின் நெஞ்சில் வேர்வையும் உமியும் சேறும் அப்பியிருக்கும். முதலில் துடைத்துக் காய வைக்க வேண்டும். மயிர் அதிகமென்றால் சவரம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் வெற்றிடக் கிண்ணங்கள் பிடிக்காமல் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். நெஞ்செலும்பின் மேற்பக்கம் விரலை வைத்து இறக்கிக்கொண்டு வந்தால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதற்கு நேரே இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணி நாலாவது இடைவெளியில் வலப்பக்கம் முதலாவது, இடப்பக்கம் இரண்டாவது. நாலாவது கிண்ணம் ஐந்தாவது இடைவெளியில், காறை எலும்பின் நடுவுக்கு நேர் கீழே. மூன்றாவது, இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில். கண்மதிப்பில் மேலே வைத்துவிட்டால் இல்லாத வருத்தம் கடதாசியில் தெரியும், இருக்கிற வருத்தம் மறைந்துபோகும். பெண்களுக்கு எடுப்பது இன்னும் கவனம். திரையை இழுத்து, சீலையால் மூடிக்கொண்டே வைக்கலாம். வெட்கத்துக்குப் பயந்து மார்புக்கு மேலே வைத்து எடுத்த ஈசிஜிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு அது செய்கிற அநியாயம் சின்னதில்லை.

மின்விசிறியை நிற்பாட்டச் சொல்லுவேன். நோயாளியின் சட்டைப்பையில் இருக்கிற போனை எடுத்து மனைவியிடம் கொடுப்பேன். கரண்ட் கோடு கடதாசியில் ரம்பம் ரம்பமாக விழுந்தால் தூரத்தில் இருந்து பார்க்கிற டொக்டருக்கு ஒன்றும் விளங்காது.

தூரத்திலிருந்து பார்ப்பது என்றதும் ஐந்தோவனின் கதை ஞாபகம் வருகிறது. ஒல்லாந்துக்காரர், இந்த ஈசிஜியைக் கண்டுபிடித்ததற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய மெசின் ஒரு அறையை நிறைக்கும். 270 கிலோ பாரம். அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாததால், 1905இல் லைடன் நகர ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நோயாளியின் இருதய அலையை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக வாங்கிப் பதிந்தார். நாங்கள் இன்றைக்கு வட்ஸ்அப்பில் செய்வதும் அந்த வேலைதான். ஈசிஜியை மேசையில் மடிப்பில்லாமல் விரித்து, நிழல் விழாமல், பெயரும் நேரமும் தெரிகிற மாதிரி ஒரு படம். கிளிநொச்சியில் இருக்கிற பொது வைத்திய நிபுணர் அதைப் பார்த்துச் சொல்லுவார். தேவையென்றால் அவர் யாழ்ப்பாணத்து இருதய நிபுணருக்கு அனுப்புவார். வன்னியில் ஹாட் டொக்டரைத் தேடுவது என்றால் நடைமுறையில் பாதி நேரம் இதுதான்: ஒழுங்காக எடுத்த ஒரு கடதாசியும், அதை மறுமுனையில் உடனே பார்க்கிற ஒரு மனிதரும். இரவு இரண்டு மணிக்கும் போனை எடுத்த நிபுணர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த மண் கடன்பட்டிருக்கிறது.

காலபோக வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதம். லாண்ட்மாஸ்டர் பெட்டியில் வைக்கோலுக்கு மேல் படுக்கவைத்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். சேர்ட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மனைவி முந்திக்கொண்டு சொன்னா: "காலமையில இருந்து வாயுக்குத்து மிஸி. ஓமத்தண்ணி குடுத்தனான், கேக்கேல்லை." அவர் ஒன்றும் பேசவில்லை. பொத்திய கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கையைக் கண்டால் எந்தத் தாதிக்கும் கால் தானாக விரையும்.

ஈசிஜியில் இருதயத்தின் கீழ்ப்பக்கச் சுவரில் அட்டாக் தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப்பக்கம் என்றால் வலது நெஞ்சிலும் ஒரு பதிவு எடுக்க வேண்டும். வலப்பக்க அறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை பிறசரைத் திடீரென்று விழுத்திவிடும். எடுத்தோம். பாதிப்பு இருந்தது. அந்தக் குளிசையைத் தொடவில்லை. அஸ்பிரின் 300 மில்லிகிராமைச் சப்பச் சொல்லிக் கொடுத்தோம், குளோபிடோகிரெல் கொடுத்தோம். டொக்டர் படத்தை அனுப்பிவிட்டு அழைப்பு எடுத்தார். மறுமுனையில் இருந்து கேள்விகள் வந்தன: கிட்டடியில் சத்திரசிகிச்சை செய்ததா, மூளையில் இரத்தக்கசிவு வந்ததா, வயிற்றால் இரத்தம் போனதா. ஒவ்வொன்றுக்கும் மனைவி இல்லை இல்லை என்று தலையாட்டினா. பிறகு ஸ்ரெப்டோகைனேஸ், 15 இலட்சம் அலகு, ஒரு மணித்தியாலத்துக்கு மெதுவாக.

பாதி மருந்து ஏறும்போது பிறசர் விழுந்தது. அது இந்த மருந்தின் குணம். மருந்தைக் கொஞ்சம் நிற்பாட்டி, காலைத் தூக்கி வைத்து, சேலைன் விட்டு, திரும்பத் தொடங்கினோம். முடிகிற நேரத்தில் மொனிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. பக்கத்தில் நின்ற புதுப்பிள்ளை பயந்துபோனாள். குழாய் திறந்து இரத்தம் பாயும்போதும் இப்படி வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. அப்போதுதான் அவர் முதன்முதலாக வாயைத் திறந்தார்: "நோ குறைஞ்சிட்டுது பிள்ளை."

பிறகுதான் அம்புலன்ஸ். நான்தான் கூடப் போனேன். முறிகண்டியைத் தாண்டும்போது சாரதி வண்டியை நிற்பாட்டாமல் ஒரு கையை மட்டும் நெஞ்சில் வைத்து எடுத்தார். எல்லா வாகனமும் நின்று கற்பூரம் கொளுத்திப் போகிற பிள்ளையார் கோயில் அது. பிள்ளையார் அம்புலன்ஸுக்கு விலக்கு அளித்திருக்கிறார் என்பது எங்கள் சாரதிமாரின் உறுதியான நம்பிக்கை. எங்களுக்கு அந்த வீதியில் பெரிய பயம் மாடுகள்தான். இரவில் தார் சூட்டுக்கு வந்து நடுவீதியில் படுத்திருக்கும். கிளிநொச்சியில் சேர்த்தோம். பிறகு அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி அஞ்சியோகிராம் செய்து குழாய்க்குள் ஸ்ரென்ட் வைத்தார்கள். அந்தக் குடும்பத்தைக் கேட்டால் யாழ்ப்பாணத்து ஹாட் டொக்டர்தான் காப்பாற்றினார் என்பார்கள். அது சரிதான். அவர் செய்த வேலை அவருடையது. ஆனால் அவரிடம் உயிரோடு போய்ச் சேர்ந்தது வைக்கோல் பெட்டியைக் கிட்ட இருந்த ஆஸ்பத்திரிக்குத் திருப்பிய மகனால்.

ஸ்ரெப்டோகைனேஸ் ஒருதரம் போட்டவருக்குத் திரும்பப் போடக்கூடாது. உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும். ஆகவே எந்தத் திகதியில் என்ன ஊசி போட்டது என்று ஒரு துண்டில் எழுதி, அடையாள அட்டையோடு வைத்திருக்கச் சொல்லுவேன். இன்னொன்று: ஈசிஜி கடதாசி சூட்டில் எழுதுகிற கடதாசி. வன்னி வெயிலில், சொப்பிங் பைக்குள், வருடக்கணக்கில் கிடந்தால் கோடெல்லாம் மறைந்து வெறும் றோஸ் கட்டம்தான் மிஞ்சும். நிபுணர் முதலில் கேட்பது பழைய ஈசிஜியை. இப்போது தெரிகிற மாற்றம் புதிதா பழையதா என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார். எடுத்த கிழமைக்குள்ளேயே போட்டோக் கொப்பி அடித்து வையுங்கள்.

யுத்த காலத்தைப் பற்றி நிறைய எழுத மனம் வரவில்லை. 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 பூட்டுப்பட்டது. 2008 கடைசியில் கிளிநொச்சி ஆஸ்பத்திரியே இடம்பெயர்ந்தது. அந்த நாட்களில் நிபுணரைத் தேடுவது என்ற பேச்சே இல்லை. அஸ்பிரினைத் தேடினோம். 2002இல் பாதை திறந்தபோது வருடக்கணக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவர்கள் வவுனியா பஸ்ஸில் இடம்பிடிக்க நின்ற காட்சி மட்டும் போகாது.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அஞ்சியோகிராம் செய்கிற கத்லாப் இருக்கிறது, திறந்த இருதய சத்திரசிகிச்சை செய்கிறார்கள். முன்பு இதற்கெல்லாம் கொழும்புத் தேசிய வைத்தியசாலை, மாதக்கணக்கான காத்திருப்பு, தெரியாத மொழி, லொட்ஜ் வாடகை. 2018 ஜூலையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வடக்குக்கும் வந்தது. இந்திய உதவியில் தொடங்கிய சேவை, ஒரு சதமும் கேட்பதில்லை. நெஞ்சு நோ என்றால் வானுக்கு அடிக்காமல் 1990க்கு அடியுங்கள் என்று நான் எல்லா இடத்திலும் சொல்லுகிறேன். வானில் ஒக்சிசன் இல்லை, மின்னதிர்ச்சி கொடுக்கிற மெசினும் இல்லை. 2024 மே மாதத்தில் நெதர்லாந்து உதவியுடன் வவுனியாப் பொது வைத்தியசாலையில் இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் புதிய சிகிச்சைப் பிரிவைத் திறந்தார்கள். கட்டடம் வந்தது சந்தோஷம். கட்டடத்துக்குள் நிற்க ஆள் வேண்டும்.

ஆள் நிற்பதில்தான் எங்கள் துன்பமே. ஒருவர் டொக்டராகி வந்த பிறகும் மேற்படிப்பு, பரீட்சை, வெளிநாட்டுப் பயிற்சி என்று பல வருடம் போனால்தான் இருதய நிபுணர். முதல் நியமனத்தில் தூர இடத்துக்கு வருவார்கள். சனம் பெயரைப் பழகி, கிளினிக் கொப்பிகளில் அவருடைய கையெழுத்து நிறைகிற நேரத்தில் வருடாந்த இடமாற்றப் பட்டியல் வரும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு வேலை, இருக்க ஒழுங்கான குவாட்டர்ஸ் எல்லாருக்கும் வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் வந்தபோது நாட்டை விட்டே போனவர்கள் பலர். கஷ்டப் பிரதேசத்துக்கு வருகிறவருக்கு நல்ல வீடும், அவர் பாவிக்க எக்கோ மெசினும், அதைத் திருத்துகிற ஆளும் கொடுத்தால் இன்னும் இரண்டு வருடம் கூட இருப்பார் என்பது என் அபிப்பிராயம். வெறும் உத்தரவால் ஒருவரை வைத்திருக்க முடியாது.

சனல் பண்ணிப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லுவது, போவதற்கு முதல் நாள் என்னிடம் வாருங்கள் என்றுதான். தோட்டையோ மாட்டையோ வித்துக்கொண்டு போய், நிபுணருக்கு முன்னால் இருக்கிற ஐந்து பத்து நிமிடத்தில் பாதியைக் குளிசைப் பைகளைக் கொட்டித் தேடுவதில் செலவழித்துவிட்டு வருவார்கள். எந்த வேலை செய்யும்போது நோ வருகிறது, எவ்வளவு தூரம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், என்னென்ன குளிசை, எப்போதிருந்து — ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அட்டாக் வந்தாலும் நெஞ்சு நோகாமல் இருக்கலாம், வெறும் வேர்வையும் களைப்பும்தான் வரும். அதையும் எழுத வேண்டும், கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைக் கறுத்தப் போத்தலை விட்டு வெளியே எடுத்து, காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகி வைத்திருப்பார்கள். காற்றும் வெளிச்சமும் பட்டால் அதன் சக்தி போய்விடும். தேவைப்படுகிற அன்றைக்கு அது வேலை செய்யாது.

இனி என் மனதுக்கு மிகக் கிட்டின விஷயம். வன்னியில் இருதய வருத்தம் வயதானவர்களோடு மட்டும் நிற்பதில்லை. சின்ன வயதில் தொண்டை நோ வந்து, அதைக் கவனிக்காமல் விட்டு, பிறகு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, அது இருதய வால்வைச் சுருக்கிவிடுகிற வருத்தம் ஒன்று இருக்கிறது. நெருக்கமாகப் பலர் ஒரே கூரைக்குள் படுக்கிற இடத்தில் அந்தத் தொண்டைக் கிருமி நன்றாகப் பரவும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கொட்டிலிலும் கூடாரத்திலும் வளர்ந்த ஒரு தலைமுறை எங்களுடையது. ஒருதரம் அந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி போட வேண்டும், வருடக்கணக்கில். தடித்த மருந்து, தடித்த ஊசி, அன்று முழுக்கக் கால் இழுக்கும். சாதாரணதரப் பரீட்சை வருகிற வயதில் பிள்ளைகள் மெல்ல நின்றுவிடுவார்கள். 2009 யுத்தத்தில் பலருடைய ஊசிக் காட் மற்றச் சாமான்களோடு போய்விட்டது. மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது எந்தப் பிள்ளை எத்தனை ஊசி தவறவிட்டது என்று தாய்மாரின் ஞாபகத்தைக் கொண்டுதான் எழுதினோம்.

அப்படித் தவறவிட்ட ஒருத்தி கல்யாணம் முடித்து, கர்ப்பமாகி வந்தாள். ஐந்தாம் மாதம். கிணற்றில் தண்ணி அள்ள முடியவில்லை, இரவில் இருந்துகொண்டு நித்திரை கொள்ளுகிறாள். வயிற்றுப் பாரம் என்று மாமியார் சொல்லியிருக்கிறா. வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் தலையணையைப் பார்த்து, "ஏன் பிள்ளை மூண்டு?" என்று கேட்டிருக்கிறா. அந்தக் கேள்விக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. கிளினிக்கில் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்ததும் முகம் மாறியது. அடுத்த நாளே எக்கோ, அடுத்த கிழமை வாட்டில் அனுமதி, குளிசை, ஓய்வு. பிறகு காலில் இருந்து குழாய் விட்டு, சுருங்கின வால்வைப் பலூனால் விரித்தார்கள். ஜப்பான்காரர் இனோவே 1980களில் கொண்டுவந்த முறை. நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. பிள்ளை நிறைமாதத்தில் பிறந்தது. இவளைக் காப்பாற்றிய நிபுணர்களின் வரிசையில் முதலாவதாக நிற்கிறவர் சைக்கிளில் வந்த அந்தக் குடும்பநல உத்தியோகத்தர்.

அவளுக்கு இன்னும் மாதாமாதம் ஊசி போடுகிறோம். வால்வு பழுதுபட்டவர்களுக்கு நாற்பது வயது வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் போட வேண்டும். ஊசி ஒவ்வாமைக்குப் பயந்து சில சின்ன ஆஸ்பத்திரிகளில் போட மறுத்துத் தூரத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் ஏறிப் போக வேண்டுமென்றால் எத்தனை மாதத்துக்குப் போவாள்? அவசர மருந்துத் தட்டு ஒன்றை ஆயத்தமாக வைத்து, ஊசிக்குப் பிறகு அரை மணித்தியாலம் இருத்தி அனுப்பினால் கிராமத்திலேயே பயமில்லாமல் போடலாம். சுகாதாரப் பணிமனைக் கூட்டங்களில் இதைத்தான் கேட்டு வருகிறேன். கூடவே இன்னொன்று: மாதத்தில் ஒரு நாள் எக்கோ மெசினோடும் அதை ஓட்டத் தெரிந்தவரோடும் இருதயக் குழு மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் வரட்டும். நாள் எதுவென்று மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லட்டும். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர்களின் கொப்பிகளில் வீடு வீடாக எழுதி இருக்கிறது.